ஏற்காட்டில் ஏ.சி. வாங்கிய கல்லூரி

ஏற்காட்டில் ஏ.சி. வாங்கிய கல்லூரியில் நான் படித்தேன். சேலத்தில் யாரிடமாவது இதைச் சொன்னால் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். மலையில் சொன்னால் யாரும் சிரிப்பதில்லை. "ஓ, அந்தக் கம்ப்யூட்டர் காலேஜுங்களா?" என்று கேட்டுவிட்டு நாசூக்காக வேறு பேச்சுக்குப் போய்விடுகிறார்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் கம்ப்யூட்டர் என்ற சொல்லுக்கு அப்படி ஒரு மவுசு. ஜாதகம் பார்ப்பவர் 'கம்ப்யூட்டர் ஜாதகம்' என்றார். தையல்காரர் 'கம்ப்யூட்டர் தையல்' என்று போர்டு மாட்டினார். அந்த வேகத்தில் சமவெளியிலிருந்து ஒரு டிரஸ்ட் மலையேறி வந்தது. கிளியூர்ப் பக்கத்துக் காப்பி எஸ்டேட் ஒன்றில் சும்மா கிடந்த பழைய பங்களாவை வாடகைக்குப் பிடித்து, பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் என்று பலகை வைத்தது. வெள்ளைக்காரர்கள் குடியிருந்த பங்களா. அவர்களுடைய சாப்பாட்டு அறை எங்கள் வகுப்பறை. குதிரைக் கொட்டடி நூலகம். கணப்படுப்பு வைத்த பெரிய ஹால் கம்ப்யூட்டர் லேப்.

முதல் செட்டில் நானும் ஒருத்தி. அதே எஸ்டேட்டில்தான் அப்பா மேஸ்திரி. அம்மா காப்பிப் பழம் பறித்தார். எஸ்டேட் ஆட்களுக்கென்று வரிசையாகக் கட்டிய எங்கள் லைன் வீட்டிலிருந்து கல்லூரிக்கு நடந்தே போய்விடலாம், பஸ் செலவு இல்லை. நான் கம்ப்யூட்டர் படிக்கப் போனதற்கு உண்மையான காரணம் அதுதான். ஆர்வமெல்லாம் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது.

சேர்ந்த பிறகுதான் ஒன்று புரிந்தது. கம்ப்யூட்டர் பட்டம் வாங்கக் கம்ப்யூட்டர் தெரிந்தால் போதாது. சரியாகச் சொன்னால், அது ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும். தமிழ்த்தாள் உண்டு. மலையில் மழை பெய்யும் அழகை விளக்கும் பாடலுக்கு, நனைந்த தாவணியோடு உட்கார்ந்து நாங்கள் பொருள் எழுதினோம். துணைப்பாடமாக இயற்பியல் உண்டு. ஒரு குண்டைக் கயிற்றில் கட்டி ஆட்டிவிட்டு, அது நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருப்பதற்கு மதிப்பெண் கொடுத்தார்கள். நாட்டு நலப்பணி கட்டாயம், அதிலும் மரம் நடுவது கட்டாயத்திலும் கட்டாயம். ஏற்காட்டில் மரம் நடக் காலி இடம் தேடி நாங்கள் அலைந்த அலைச்சல் கொஞ்சமல்ல. கடைசியில் காப்பிச் செடிகளுக்கு நடுவே கொண்டுபோய் நட்டுவிட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டோம். அடுத்த வாரம் அப்பாவின் ஆட்கள் களையோடு களையாகப் பிடுங்கிப் போட்டார்கள். போட்டோ மட்டும் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

மூன்றாம் ஆண்டில் கணினிப் பாதுகாப்பு என்று ஒரு தாள் வந்தது. கடவுச்சொல்லை யாரிடமும் சொல்லக்கூடாது என்பது முதல் பாடம். எங்கள் முதல்வர் பாதுகாப்பில் யாருக்கும் இளைத்தவர் இல்லை. சமவெளிக் கல்லூரி ஒன்றில் தாவரவியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆளுக்கு ஒரு கடவுச்சொல் வைத்துக்கொள்ளச் சொன்னார். பிறகு பிள்ளைகள் மறந்துவிடுவார்களே என்ற நல்லெண்ணத்தில், எல்லாவற்றையும் கேட்டு வாங்கி, தட்டச்சு செய்து, அறிவிப்புப் பலகையில் ஒட்டினார். கல்லூரிக்குப் பால் ஊற்ற வந்தவருக்குக்கூட என் கடவுச்சொல் தெரியும். அந்தப் பலகைக்கு முன்னால் நின்றுகொண்டுதான் நாங்கள் பாதுகாப்பின் அவசியம் பற்றி மனப்பாடம் செய்தோம்.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டே பொறுத்துக்கொண்டேன். எனக்கு அந்தப் பட்டம் வேண்டியிருந்தது, அதுவும் அந்த வருடமே வேண்டியிருந்தது.

காரணம் எங்கள் வீடு. லைன் வீடு எஸ்டேட்டுக்குச் சொந்தம். குடும்பத்தில் ஒருவருடைய பெயராவது செக்ரோலில், அதாவது எஸ்டேட் வேலையாட்களின் பட்டியலில், இருக்கும்வரை வீடு நமக்கு. பெயர் போனால் வீடும் போய்விடும். அப்பாவும் அம்மாவும் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எஸ்டேட் கணக்கு எழுதிய ரைட்டர், அவர்களுக்குப் பிறந்த தேதி தெரியாது என்றதும், முகத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு இருவருக்கும் ஒரே தேதியை எழுதிவிட்டார். கணவனும் மனைவியும் ஒரே நாளில் பிறந்தவர்கள். ஆகவே ஒரே நாளில் ஓய்வு பெறப் போகிறவர்கள். நான் மூன்றாம் ஆண்டு முடிக்கும் அந்த ஜூனில் இரண்டு பெயரும் சேர்ந்து போகின்றன. அண்ணன் தம்பி யாரும் எனக்குக் கிடையாது.

சேலத்தில் ஒரு கம்ப்யூட்டர் பயிற்சி நிலையத்தில், ஜூனில் ரிசல்ட்டோடு வந்தால் பாடம் எடுக்கும் வேலை தருகிறோம் என்று சொல்லியிருந்தார்கள். அங்கே ஒரு சின்ன வீடு பார்த்துக்கொண்டு மூவரும் இறங்கிவிடலாம். பட்டம் கிடைக்காவிட்டால் செக்ரோலில் ஏற வேண்டியது என் பெயர். அம்மா செய்த வேலையை நான் கேவலமாக நினைக்கவில்லை. ஆனால் எனக்கு அது வேண்டாம் என்பதிலும் சந்தேகம் இல்லை. அம்மாவுக்கும் அதில் சந்தேகம் இல்லை.

இந்த நேரத்தில்தான் பல்கலைக்கழகம் கண் திறந்தது. இறுதியாண்டு செய்முறைத் தேர்வு எங்கள் லேபிலேயே நடக்க வேண்டுமானால் லேபுக்கு அங்கீகாரம் வேண்டும். ஒரு குழு வந்து பார்த்து அங்கீகாரம் தரும், அதற்கு நிபந்தனைகள் உண்டு. அவற்றில் ஒன்று, லேப் குளிரூட்டப்பட்டிருக்க வேண்டும்.

அப்போது டிசம்பர். ஜன்னலைத் திறந்தால் மூடுபனி உள்ளே வந்து கீபோர்டில் உட்கார்ந்துகொள்ளும். நாங்கள் ஸ்வெட்டரின் கையை விரல் நுனிவரை இழுத்துவிட்டுக்கொண்டு டைப் அடிப்போம். ஈரம் ஏறாமலிருக்க ராத்திரியில் கம்ப்யூட்டர்களுக்குக் கம்பளி போர்த்திவிட்டுப் போவோம். அந்த அறைக்கு ஏ.சி.

"சார், இங்க இயற்கையாவே குளிருதுங்களே" என்றேன்.

முதல்வர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "இயற்கைக்கு ரசீது இருக்காம்மா? வர்றவங்க ரசீது கேப்பாங்க."

சேலத்தில் இழுத்து மூடப்பட்ட ஒரு நகைக்கடையிலிருந்து பழைய ஏ.சி. ஒன்று லாரியில் ஏறி, அத்தனை கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து வந்து சேர்ந்தது. அதைத் திருகும் குமிழ் உடைந்திருந்தது. ஒன்று ஓடாது, ஓடினால் உச்சத்தில்தான் ஓடும். ஓட்டிப் பார்த்தபோது இன்னொரு விஷயமும் தெரிந்தது. எங்கள் மலையின் மின்சாரத்துக்கு அந்தப் பாரம் தாங்காது. ஏ.சி. கிளம்பியதும் விளக்குகள் மங்கின, கம்ப்யூட்டர்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. கம்ப்யூட்டருக்காக ஏ.சி. என்றால் கம்ப்யூட்டர் இருக்காது. கம்ப்யூட்டர் வேண்டுமென்றால் ஏ.சி. ஓடாது. முதல்வர் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார். குழு வரும் நாளில் ஏ.சி. ஓடும். ஒரே ஒரு கம்ப்யூட்டர் தனி ஸ்டெபிலைசரில் ஓடும். அதை நான் இயக்கிக் காட்டுவேன். மற்றவை எல்லாம் பளபளவென்று உறை போட்டுக்கொண்டு வீற்றிருக்கும். குளிர்ந்த காற்று வீணாகக்கூடாதென்று கணப்படுப்பின் புகைபோக்கியையும் மேலே தகரம் வைத்து ஆணி அடித்து அடைத்தார்கள். அடுப்பின் வாயை ஒரு பலகை மறைத்தது. பலகையில் 'அமைதி' என்று எழுதியிருந்தது.

குழு வரும் நாளுக்கு, விருந்தினரைக் கவனித்துக்கொள்ள எஸ்டேட்டிலிருந்து ஓர் ஆளை முதல்வர் கேட்டு வாங்கினார். முதலாளி என் அப்பாவை அனுப்பினார். பொருத்தமான ஆள்தான். முன்பெல்லாம் முதலாளியின் விருந்தாளிகள் அந்தப் பங்களாவில் தங்கியபோது அவர்களுக்கு வேண்டியதைப் பார்த்துக்கொண்டவர் அப்பா. அன்று காலை அவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டார். "இன்னிக்கு வர்ற துரைங்க நல்லபடியா எழுதுனாத்தான் எம்புள்ளைக்குப் பரீச்சையாம்" என்று வழியில் கண்டவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். எனக்குக் கூச்சமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

குழுவில் மூன்று பேர். தலைவர் சமவெளியிலிருந்து அரைக்கைச் சட்டையோடு வந்திருந்தார். லேபுக்குள் நுழைந்ததும் அவருடைய தோள்கள் காதுவரை ஏறின. நான் கம்ப்யூட்டரில் ஒரு நிரலை ஓட்டிக் காட்டினேன். திரையைப் பார்க்காமல் அவர் ஏ.சி.யையே பார்த்துக்கொண்டிருந்தார். பற்கள் அடித்துக்கொண்டன.

"கொஞ்சம் கொறச்சு வைக்க முடியாதா?"

"விதிப்படி ஓடணுமே சார்" என்றார் முதல்வர்.

"நாங்கதான் சொல்றோமே."

"நீங்க சொல்லலாம் சார். நாளைக்கு உங்க பேப்பர் பேசுமே!"

தலைவர் பட்டியலைப் பார்த்தார். ஏ.சி.க்கு நேரே டிக் அடித்தார். அவருடைய டிக்கும் நடுங்கியது. அப்பா டீ கொண்டுவந்தார். மூவரும் டீயைக் குடிக்காமல் கோப்பையை இரண்டு கைகளாலும் பொத்திப் பிடித்துக்கொண்டதை அவர் பார்த்தார். அவர் பார்த்ததை நானும் பார்த்தேன். அதில் வரப்போகும் வினை எனக்குத் தோன்றவில்லை.

பிறகு எல்லோரும் நூலகம் பார்க்கப் போனோம். லேபுக்குத் திரும்பி வந்து கையெழுத்துப் போடுவதாக ஏற்பாடு. குதிரைக் கொட்டடியில் குழுவினர் புத்தகங்களை எண்ணுவதுபோல் நின்றார்கள், நாங்கள் படிப்பதுபோல் நின்றோம். திரும்பி வந்து லேப் கதவைத் திறந்தால், உள்ளே கணப்பு எரிந்துகொண்டிருந்தது.

'அமைதி'ப் பலகையைச் சுவரோரம் சாய்த்துவிட்டு, விறகை அழகாக அடுக்கி, அப்பா நெருப்பு மூட்டியிருந்தார். அந்தப் பங்களாவில் டிசம்பரில் விருந்தாளி வந்து உட்கார்ந்தால் நெருப்புப் போடுவது வழக்கம். கேட்டுப் போடுவதில்லை. விருந்தாளி வாய் திறந்து கேட்கும்வரை விடுவதே மரியாதைக் குறைவு. எதிர்ச் சுவரில் ஏ.சி. உறுமிக்கொண்டிருந்தது, இந்தப் பக்கம் தீ படபடத்தது. இரண்டுக்கும் நடுவில் அப்பா கையைக் கட்டிக்கொண்டு, சிரித்த முகத்தோடு நின்றார்.

தலைவர் என்ன செய்தார் தெரியுமா? நேராகக் கணப்புக்குப் போனார். குனிந்தார். இரண்டு உள்ளங்கைகளையும் தீயில் காட்டினார். பிறகு திரும்பி நின்று முதுகையும் காட்டினார். "அப்பாடா" என்று அவர் சொன்னதை என் காதால் கேட்டேன். மற்ற இருவரும் பக்கத்தில் போய் ஒட்டிக்கொண்டார்கள். சற்று நேரம் அந்த லேபில் பல்கலைக்கழகமே குளிர்காய்ந்தது.

அப்புறம் புகை வந்தது. மேலே தகரம் அடித்திருப்பது அப்பாவுக்குத் தெரியாது, யாரும் சொல்லவில்லை. போக வழியில்லாத புகை அறைக்குள் இறங்கியது. ஏ.சி. அதை வாங்கி எல்லோருடைய முகத்திலும் சமமாக அடித்தது. இருமிக்கொண்டே எல்லோரும் வெளியே ஓடினோம். அப்பா மட்டும் உள்ளே நின்று, டீ கெட்டிலில் இருந்த வெந்நீரை ஊற்றித் தீயை அணைத்துவிட்டு, கண்ணெல்லாம் சிவந்து வந்தார்.

தலைவர் வராந்தாவிலேயே, சூடு ஏறிய கையால், தெளிவாக எழுதினார். கணினி ஆய்வகத்தில் திறந்த நெருப்பு. தீ விபத்து அபாயம். அங்கீகாரம் இல்லை. எங்கள் செட்டுக்குச் செய்முறைத் தேர்வு அடுத்த கல்வியாண்டில்தான், சேலத்துக் கல்லூரி ஒன்றில்.

கார் கிளம்பியதும் முதல்வர் அப்பாவைத் திட்டினார். படித்தவர்கள் திட்டும் திட்டு, ஒரு கெட்ட வார்த்தை கிடையாது, ஆனால் ஆளை நிற்க விடாது. அப்பா தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு கேட்டார். வீட்டுக்கு வரும் வழியில் நான் கத்தினேன்.

"உங்கள யாருங்கப்பா நெருப்புப் போடச் சொன்னது?"

"நடுங்கிட்டு இருந்தாங்க கண்ணு. பாத்துட்டு எப்படிச் சும்மா இருக்கறது?" என்றார். சற்றுத் தூரம் நடந்த பிறகு மெதுவாகச் சொன்னார்: "மேலுக்குச் சூடா இருந்தா மனசு எளகி எழுதுவாங்கன்னு நெனச்சுட்டேன் சாமி."

அந்த வாரம் முழுக்க நான் அவரோடு சரியாகப் பேசவில்லை. கோபம் யார் மேல் என்று எனக்கே தெளிவாக இல்லை. பல்கலைக்கழகத்திடம் காட்ட முடியாததை அப்பாவிடம் காட்டினேன்.

ஜூன் வந்தது. அப்பா, அம்மா இருவருடைய பெயரையும் அடித்த கையோடு ரைட்டர் என் பெயரை எழுதினார். சேரத் தகுதி என்ன, நிபந்தனை என்ன, ஒன்றும் கேட்கவில்லை. மூன்று வருடம் நிபந்தனைகளிலேயே ஊறிய எனக்கு, அத்தனை சுலபமாக ஓர் இடத்தில் சேர்ந்தது அவமானமாக இருந்தது. மழைக்குச் சாக்கை மடித்துத் தலையில் கொங்காடை போட்டுக்கொண்டு களை எடுத்தேன், பருவத்தில் பழம் பறித்தேன். சேலத்துப் பயிற்சி நிலையம் வேறு ஆளைப் பிடித்துக்கொண்டது. "கம்ப்யூட்டரம்மா, இந்த வரிசையை முடிங்க" என்று கூட வேலை செய்தவர்கள் கேலி செய்தார்கள். அதில் விஷம் இல்லை, ஆனாலும் வலித்தது. அம்மா அந்தக் கேலியைக் கேட்டுவிட்டால் அன்று அவருக்குச் சோறு சரியாக இறங்காது.

அடுத்த ஏப்ரலில் தேர்வுக்குச் சேலம் போனேன். துணைக்கு வருகிறேன் என்று அப்பாவும் பஸ் ஏறினார். அங்கீகாரம் பெற்ற அந்த லேபில் வெயில் காய்ச்சி எடுத்தது. ஏ.சி. இருந்தது, சுவரில். கரண்டு பில் ஏறும் என்று போடுவதில்லை என அங்கே படித்த பெண் ஒருத்தி சொன்னாள். பட்டியலில் டிக் விழுந்துவிட்டது, இனி அதற்கு என்ன வேலை! கீபோர்டில் வியர்வை சொட்டச் சொட்ட நிரலை எழுதி முடித்தேன். சரியாக ஓடியது.

அடுத்தது வாய்மொழித் தேர்வு. மேசைக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர். ஒருவர் அந்தக் கல்லூரி ஆசிரியர். வெளித் தேர்வாளராக வந்திருந்தவர், எங்கள் கணப்பில் முதுகைக் காட்டிய அதே தலைவர். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. என் தாளைப் பார்த்துவிட்டு, "ஏற்காடா?" என்றார். உடனே பக்கத்திலிருந்தவர் பக்கம் திரும்பினார்.

"அங்க ஒரு காலேஜுக்குப் போயிருந்தோம் சார். எவனோ ஒரு முட்டாப்பய, கம்ப்யூட்டர் ரூமுக்குள்ள நெருப்ப மூட்டி வெச்சிட்டான். நம்ப மாட்டீங்க!"

பக்கத்திலிருந்தவர் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். என் மதிப்பெண் தாள் தலைவரின் பேனாவுக்குக் கீழே காலியாகக் கிடந்தது. அடுத்த வருடமும் களை எடுக்கும் காட்சி கண் முன்னால் ஓடியது. வாயை மூடிக்கொள் என்று உள்ளுக்குள் எனக்கே சொல்லிக்கொண்டேன். நான் சொன்னதை நானே கேட்கவில்லை.

"அது எங்கப்பாங்க சார்."

சிரிப்பு நின்றது.

"நீங்க நடுங்குனதப் பாத்துத்தான் நெருப்புப் போட்டாருங்க. மொதல்ல கை காட்டுனது நீங்கதானுங்க. அப்புறம் திரும்பி முதுகக் காட்டுனீங்க. அப்பாடான்னு சொன்னீங்க. அதுக்கப்புறந்தான் எழுதுனீங்க."

கண்ணீர் வந்துவிடுமோ என்று பயந்து ஜன்னலைப் பார்த்தேன். வியர்வை தலைவருடைய மூக்கு நுனியிலிருந்து தாளில் விழுந்தது. பிறகு, யாரிடமோ சொல்வதுபோல, "நெருப்பு என்னமோ நல்லாத்தான் இருந்துச்சு" என்றார். கேள்வி எதுவும் கேட்காமல், போகலாம் என்று கையைக் காட்டினார். அந்தத் தேர்வில் எனக்கு முழு மதிப்பெண் விழுந்திருந்ததும், அந்த ஜூனில் சேலத்தில் வேறொரு பயிற்சி நிலையத்தில் வேலை கிடைத்து, செக்ரோலிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டு மூவரும் அங்கே இறங்கியதும் பின்னால் நடந்தவை. அன்று வெளியே வரும்போது, எல்லாவற்றையும் கெடுத்துக்கொண்டேன் என்றுதான் நினைத்தேன்.

அப்பா வேப்பமரத்தடியில் துண்டால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"என்ன கண்ணு கேட்டாங்க?"

"உங்களப் பத்தித்தானுங்கப்பா பேச்சு. அன்னிக்கு வந்தாருல்லங்க, அவருதான் உள்ள."

அப்பாவின் கை விசிறுவதை நிறுத்தியது. "எம்மேல இன்னும் கோவமாத்தான் இருக்கறாருங்களா?"

"இல்லீங்கப்பா. அன்னிக்கு நெருப்பு நொம்ப நல்லா இருந்துச்சுன்னு சொன்னாரு."

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"பின்ன? நல்லாக் காஞ்ச காப்பிக் கட்டையாப் பாத்துப் பொறுக்குனேன் கண்ணு" என்றார்.